விமானியின் சிக் லீவ் கணக்கு



சளி பிடித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, கைக்குட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். வங்கிக் காசாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பணம் எண்ணலாம். ஆசிரியர் கட்டைக் குரலிலேயே பாடத்தை முடித்துவிடலாம். விமானிக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 61.53 என்றொரு பிரிவு இருக்கிறது. தன் மருத்துவத் தகுதியைப் பாதிக்கும் நோய் தனக்கு இருப்பது தெரிந்தாலும், அப்படிப்பட்ட மருந்தை எடுத்துக்கொண்டிருந்தாலும் விமானி பறக்கக் கூடாது என்கிறது அது. 117.5 என்ற இன்னொரு பிரிவு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ‘நான் பணிக்குத் தகுதியான நிலையில் இருக்கிறேன்’ என்று விமானி உறுதியளிக்க வேண்டும் என்கிறது.

ஒரு சாதாரணச் சளிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பீர்கள். பறக்கும் விமானத்துக்குள் தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில், அதாவது ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அழுத்தம்தான் உள்ளே இருக்கும். விமானம் இறங்க இறங்க அழுத்தம் கூடும். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்குப் போகும் மெல்லிய குழாய் திறந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். சளியில் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருந்தால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். வலி உயிர் போகும், தலை சுற்றலாம், செவிப்பறை கிழியவும் செய்யலாம். இது வருவது எந்த நேரத்தில் என்று பாருங்கள்: தரையிறங்கும் நேரத்தில், விமானியின் முழுக் கவனமும் தேவைப்படும் அந்தக் கடைசி நிமிடங்களில்.

சரி, மாத்திரை போட்டுக்கொண்டால்? டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்து அமெரிக்காவில் எந்தக் கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்கும். அதை விழுங்கிய விமானி கடைசி வேளை மருந்திலிருந்து 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது விமானத் துறை மருத்துவர்களின் வழிகாட்டுதல். சளியோடும் பறக்கக் கூடாது. சளியைத் தூங்கவைக்கும் மருந்தோடும் பறக்கக் கூடாது.

ஆக, சட்டம் விமானியிடம் கேட்பது நேர்மையை. ‘எனக்கு முடியவில்லை’ என்று அவரே சொல்ல வேண்டும்; வேறு யாரும் வந்து நாடி பிடித்துப் பார்க்கப்போவதில்லை. அந்த நேர்மைக்கான செலவை யார் ஏற்பது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். ‘முடியவில்லை’ என்று விமானி சொல்லும் அந்த நிமிடத்தில் அவருடைய விடுப்புக் கணக்கில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பது பயணியின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. சிக் லீவ் விதிகளை எழுதுகிறவர்கள் பாதுகாப்பு விதிகளையே எழுதுகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

தனியார் நிறுவனங்கள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு தர வேண்டும் என்று அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டம் இல்லை. சில மாநிலங்களில் உண்டு. பெரிய விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு விடுப்பு கிடைப்பது தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தத்தால். அந்த ஒப்பந்தங்கள் 1926-ல் ரயில்வேக்காக வந்து, 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருபவை. இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை. குறித்த தேதிக்குப் பிறகு திருத்தலாம் என்ற நிலைக்கு வரும், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை பழைய விதிதான் ஆளும். ஒரு தலைமுறை விமானிகள் தாங்கள் கையெழுத்துப் போடாத விடுப்பு விதியில் காலம் தள்ளுவது அங்கே சாதாரணம்.

நமக்கு விடுப்பு என்றால் நாள் கணக்கு. அவர்களுக்கு மணிக் கணக்கு, ஏனென்றால் சம்பளமே பறக்கும் மணிக்குத்தான். மாதத்துக்கு இவ்வளவு மணி நேரச் சம்பளம் உறுதி என்று ஓர் அடித்தளம் இருக்கும். பொதுவாக அது 70 முதல் 75 மணி. மருத்துவ விடுப்பும் மணிகளாகத்தான் வரவு வைக்கப்படும். சில நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றன. பல ஒப்பந்தங்களில் மாதாமாதம் சிறிது சிறிதாக வரவு ஏறும். கணக்குப் போட வசதியாக மாதம் 5 மணி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு விமானியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் பயணம் ஒன்று அவர் பணிப்பட்டியலில் இருக்கிறது. அதற்கு 22 மணி நேரச் சம்பளம். கிளம்ப வேண்டிய நாள் விடியற்காலையில் காது அடைத்துக்கொள்கிறது. பணிப்பட்டியல் மேசைக்குப் போன் செய்து ‘சிக்’ என்கிறார். மறுமுனையில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு செய்துகொண்டு, அழைத்தால் வரத் தயாராக ரிசர்வில் இருக்கும் இன்னொரு விமானியை எழுப்பப் போய்விடுவார். பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பற்று 22 மணி. ஏறக்குறைய நாலரை மாதம் சேர்த்தது ஒரு சளிக்குப் போயிற்று. காது இரண்டே நாளில் திறந்துகொண்டாலும், பயணம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான்கு நாள் பயணமும் பற்றுதான்.

இதையே பெரிய நோய்க்குப் போட்டுப் பாருங்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை, மூன்று மாத ஓய்வு. மாதம் 75 மணி வீதம் 225 மணி. மாதம் 5 மணி வரவில் அந்தப் பள்ளத்தை நிரப்ப 45 மாதம் ஆகும். ஏறக்குறைய நான்கு ஆண்டு! அந்த நான்கு ஆண்டில் ஒரு தடவைகூடச் சளி பிடிக்கக் கூடாது. குழந்தை பள்ளியிலிருந்து காய்ச்சலைக் கொண்டுவரக் கூடாது. நடக்கிற காரியமா?

அதனால்தான் இந்தத் தொழிலில் விடுப்புக் கணக்கைப் பராமரிப்பதே ஒரு கைத்திறனாக வளர்ந்திருக்கிறது. மூத்த விமானிகள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

முதல் பாடம், எதிலிருந்து எவ்வளவு கழிகிறது என்று தெரிந்துகொள்வது. நிலையான பணிப்பட்டியல் உள்ளவருக்குப் பயணத்தின் மதிப்பு முழுதும் கழியும். ரிசர்வில் காத்திருப்பவருக்குப் பல ஒப்பந்தங்களில் ஒரு நாள் உறுதிச் சம்பளத்தின் அளவுதான் கழியும். அது நான்கு மணியை ஒட்டி வரும். ஒரு நோயிலிருந்து மீண்டு, உடம்பு முழுதாகப் பிடிபடாத மாதங்களில் சிலர் வேண்டுமென்றே ரிசர்வ் கேட்டு வாங்குவது இதனால்தான். சில ஒப்பந்தங்களில் குணமானதும் தெரிவித்துப் பயணத்தின் நடுவிலேயே சேர்ந்துகொள்ளலாம். அதற்கு வாய்ப்புள்ளவர்கள் குணமான அன்றே போன் செய்துவிடுவார்கள்.

இரண்டாவது பாடம், தள்ளிப்போடக்கூடிய சிகிச்சையை வருடாந்திர விடுமுறையோடு ஒட்டவைப்பது. குடலிறக்கமோ முழங்காலோ, அறுவைச் சிகிச்சையை விடுமுறை மாதத்தில் வைத்துக்கொண்டால், முதல் சில வாரங்கள் விடுமுறைக் கணக்கில் போய்விடும். மீதிதான் மருத்துவக் கணக்கைத் தொடும். இதற்கும் பணிமூப்பு வேண்டும். எந்த மாதம் விடுமுறை என்பதையே அங்கே பணிமூப்பு வரிசைதான் தீர்மானிக்கிறது. சேர்ந்து இரண்டு வருடமான இளைஞருக்குக் கிடைப்பது யாரும் கேட்காத பிப்ரவரியாக இருக்கலாம்.

மூன்றாவது, இழந்ததை ஈடுகட்டுவது. குணமான பிறகு மற்றவர்கள் விட்டுவிட்ட பயணங்களைக் கூடுதலாக எடுத்துப் பறக்கலாம். அது சம்பளப் பள்ளத்தை நிரப்பும். ஒப்பந்தம் இடம் கொடுத்தால், அந்தக் கூடுதல் மணிகளை விடுப்புக் கணக்கிலேயே வரவு வைக்கவும் முடியும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உடம்பு தேறிய கையோடு ஓவர்டைம் பறக்கிறவர் மறுபடியும் படுப்பதற்கான வழியைத்தான் தேடிக்கொள்கிறார். 28 நாளில் 100 மணி, ஆண்டில் 1,000 மணி என்று சட்டம் போட்ட உச்ச வரம்பு இருக்கிறது. வரம்புக்குள் பறப்பவர்கள் எல்லாரும் களைப்பில்லாமல் பறக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்தக் கைத்திறன் எல்லாம் ஓரளவுக்குத்தான். நீண்ட நோய் வந்தால் கணக்கு தரைதட்டிவிடும். அதன்பின் சங்க ஒப்பந்தப்படியான நீண்டகால இயலாமைக் காப்பீடு வரும். அது முழுச் சம்பளத்தைத் தராது. 1993-ல் வந்த குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புச் சட்டம் வேலையைக் காப்பாற்றும், சம்பளம் தராது. அந்தச் சட்டமே விமானிகளுக்கு நெடுநாள் எட்டாக்கனியாக இருந்தது. ஆண்டுக்கு 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கவே அனுமதி இல்லாதவர்களிடம் 1,250 மணி கேட்டால் எங்கே போவார்கள்? 2009 டிசம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, விமானப் பணியாளர்களுக்கு 504 மணி என்று வைத்தது. பதினாறு வருடம் கழித்துத்தான் இந்தக் கூட்டல் கழித்தலை யாரோ போட்டுப் பார்த்தார்கள்.

இந்த நேரத்தில் இன்னொரு பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணிகள் விமானத்தின் கேப்டனுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 40 வயதுக்குக் கீழே அது 12 மாதம் செல்லும். 40 ஆகிவிட்டால் 6 மாதம்தான். வருடத்துக்கு ஒரு தடவை இதயத்துடிப்பு வரைபடமும் எடுக்க வேண்டும். எந்த நோயைப் பற்றி எந்த மருத்துவரிடம் போனாலும் அடுத்த சோதனைப் படிவத்தில் அதை எழுத வேண்டும். ஆகவே அவர் முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. விடுப்புக் கணக்கு தீர்ந்தால் இந்த மாதச் சம்பளம் போகும். சான்றிதழ் போனால் தொழிலே போகும்.

2022-ல் வெளியான ஓர் ஆய்வு 3,765 விமானிகளிடம் கேட்டது. சான்றிதழுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகவோ, முழு விவரத்தையும் சொல்லாமல் விட்டதாகவோ 56 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். பாதிக்கும் மேல்!

இந்தப் பயம் விமானி அறைக்குள் எப்படி இருக்கும் என்பதற்குப் பதிவாகிய சாட்சி ஒன்று உண்டு. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி 24 வயதுப் பெண். வேலை பார்க்கும் தளம் நியூவார்க். வீடு நாட்டின் மறு கோடியில், சியாட்டில் பக்கம். முந்தின இரவு சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து இன்னொன்றில் விடிகாலை நியூவார்க் வந்து சேர்ந்தவர். விமானி அறையின் ஒலிப்பதிவில் அவர் மூக்கை உறிஞ்சுவதும் தும்முவதும் கேட்கிறது. பக்கத்தில் இருந்த கேப்டனிடம் அவர் சொன்னதன் சாரம் இது: வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன், இப்போது சிக் என்று சொன்னால் குணமாகும்வரை என் காசில் ஹோட்டலில் தங்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விபத்துக்கு அவருடைய சளி காரணம் இல்லை. விமானம் வேகம் இழந்து எச்சரித்தபோது கேப்டன் தவறான திசையில் செயல்பட்டதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. துணை விமானியின் நோய் அவருடைய செயல்பாட்டை நேரடியாகப் பாதித்திருக்க வாய்ப்பில்லை என்றும் அது சொன்னது. களைப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டது. பணி நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகள் 2014 ஜனவரி 4-ல் நடைமுறைக்கு வர அந்த விபத்துதான் உந்துதல். ஆனால் நம் விஷயத்துக்கு அந்த ஒலிப்பதிவு போதும். தனக்கு முடியவில்லை என்று தெரிந்த ஒரு விமானி, ஹோட்டல் வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு விமானத்தில் ஏறினார். சட்டப் பிரிவு 61.53 அன்றும் புத்தகத்தில் இருந்தது.

இரண்டாவது சாட்சி ஐரோப்பாவில். 2015 மார்ச் 24-ல் பார்சிலோனாவிலிருந்து டசல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளை அவர் நிறுவனத்திடம் காட்டவில்லை. கிழிந்த சீட்டுகள் அவர் வீட்டில் கிடைத்தன. அந்தக் கொடுமைக்கு விடுப்பு விதியைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். சில வாரச் சம்பளம் ஜெர்மன் சட்டப்படியே அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பு தன் அறிக்கையில், பறக்கும் உரிமையை இழந்துவிடுவோம் என்ற பயத்தையும், அந்த இழப்பை ஈடுகட்டப் போதிய காப்பீடு இல்லாததையும் அவர் உண்மையை மறைத்ததற்கான பின்னணியில் வைத்தது. உரிமம் இழக்கும் விமானிகளின் பொருளாதார ஆபத்தைக் குறைக்க வழி காணுங்கள் என்று பரிந்துரையும் செய்தது. ஒரு விபத்து விசாரணை அமைப்பு வருமான இழப்பைப் பற்றிப் பேசியதைக் கவனியுங்கள். அதற்கு மேல் என் கட்சிக்குச் சான்று தேவையில்லை.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சிக் லீவ் ஆயுதமாகப் பயன்பட்டதும் உண்டு. 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ரெனோ ஏர் நிறுவனத்தை வாங்கியதை ஒட்டிய தகராறில் விமானிகள் கூட்டம் கூட்டமாக ‘சிக்’ சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. வேலைக்குத் திரும்பச் சொன்ன உத்தரவை மதிக்கவில்லை என்று சங்கத்துக்கு நீதிமன்றம் விதித்த தொகை 4.5 கோடி டாலருக்கும் மேல். இந்தியாவிலும் 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள், சங்கம் அமைக்க முயன்ற சகாக்களை நீக்கியதற்காக இதே வழியைக் கையாண்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு நேர்வழி அடைபட்ட இடத்தில் காய்ச்சல் ஒரே நாளில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

ஓய்வு வயதான 65-ஐ நெருங்குகிறவர்கள் விஷயம் இன்னொன்று. முப்பது வருடம் சேர்த்த இருப்பு, ஓய்வு நாளன்று பூஜ்ஜியமாகிவிடும் என்று விதி இருந்தால், கடைசி வருடத்தில் முதுகுவலி அடிக்கடி வரத்தான் செய்யும். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துக் காசாக்கிப் பழகிய நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல. சில விமான நிறுவனங்கள் மிச்சமிருக்கும் மணிகளில் ஒரு பகுதியைப் பணமாகவோ, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவச் செலவுக் கணக்காகவோ மாற்றித் தருகின்றன. அப்படித் தருகிற இடத்தில் சேமிப்பதில் பொருள் இருக்கிறது.

தவறாகப் பயன்படுத்துகிறவர்களைப் பிடிக்க நிர்வாகங்கள் மருத்துவச் சீட்டு கேட்கின்றன. எத்தனை தடவை என்று எண்ணுகின்றன. மேலதிகாரி அழைத்து விசாரிக்கிறார். பத்து ஏமாற்றுக்காரர்களை மிரட்டும் அந்த ஏற்பாடு, தயங்கிக்கொண்டே போனைக் கையில் எடுத்த நூறு நேர்மையானவர்களையும் போனைக் கீழே வைக்கச் செய்கிறது. ஏமாற்றுகிறவரால் ஒரு பயணம் தாமதமாகும். பயந்து பறக்கிறவரால் என்ன ஆகலாம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு தவறையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அப்படியானால் நல்ல விதி எப்படி இருக்க வேண்டும்? என்னைக் கேட்டால் மூன்று விஷயம் பார்ப்பேன்.

ஒன்று, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே கணக்கில் கணிசமான இருப்பு இருக்க வேண்டும். சம்பளமும் குறைவு, பணிமூப்பும் இல்லை, தகுதிகாண் பருவம் வேறு. பொய் சொல்லிப் பறக்கும் தூண்டுதல் அவருக்குத்தான் அதிகம். பூஜ்ஜியத்திலிருந்து சேர்த்துக்கொள் என்று அவரிடம் சொல்வது, முதல் சில ஆண்டுகளுக்குச் சளியோடு பற என்று சொல்வதற்குச் சமம்.

இரண்டு, பெரிய நோயால் கணக்கு காலியானவருக்கு வரவு வேகமாக ஏற வேண்டும். சில ஒப்பந்தங்கள் இதைச் செய்கின்றன; நீண்ட நோய்க்குப் பின் திரும்புகிறவருக்கு வழக்கமானதைவிடக் கூடுதலாக மாதாமாதம் வரவு வைக்கின்றன. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் அடுத்த நான்கு வருடமும் காய்ச்சலை மறைக்க வேண்டிய நிலையில் இருந்தால், நாம் அவரை முழுதாகத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

மூன்று, போதுமான ரிசர்வ் விமானிகள். விமானிகளுக்கு நோய் வருவது விபத்து அல்ல, வாடிக்கை. ஒருவர் ‘சிக்’ சொன்னால் பயணம் ரத்தாகி, முன்னூறு பேர் முனையத்தில் நிற்பார்கள் என்ற நிலை இருந்தால், விடுப்புக் கணக்கில் ஆயிரம் மணி இருந்தும் பயன் இல்லை. அந்த முன்னூறு பேரின் பாரமும் அவர் தலையில்தான் ஏறும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். ஆகும்தான். மாற்று எஞ்சின் வாங்கிவைக்கவும் செலவாகிறது. அதை எந்த நிறுவனமும் ஊழியர் சலுகை என்று கணக்கில் எழுதுவதில்லை. சிக் லீவ் மணிகளையும் அந்தப் பத்தியிலேயே எழுத வேண்டும்.

விமானத்தில் ஏறாதவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இரவு முழுக்கப் பேருந்து ஓட்டுகிறவர், சரக்கு ரயிலின் லோகோ பைலட், அவசரப் பிரிவில் ஊசி போடுகிற செவிலியர்: ‘இன்றைக்கு என்னால் முடியாது’ என்று இவர்கள் சொன்னால் எவ்வளவு இழக்கிறார்கள்? அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கத் தோழர்கள் இங்கே இருந்தால், பஞ்சப்படிக்கு வாதாடும் அதே மூச்சில் இந்த மூன்றையும் மேசையில் வையுங்கள். அவற்றைக் கேட்பது உங்களுக்காக மட்டும் அல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்காகவும்தான் என்று சொல்லுங்கள். அந்த வாதத்துக்கு நிர்வாகத்திடம் எளிதில் பதில் இருக்காது.